மாற்று ஸ்ப்ரெட்: புள்ளியை நகர்த்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பந்தயச் செயலி ஒன்றில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டம் ஒன்றைத் தொட்டால் மேலே ஒரே ஒரு ஸ்ப்ரெட், அதாவது இரண்டு அணிகளையும் சமப்படுத்தப் போடும் புள்ளி, தெரியும். கொஞ்சம் கீழே இறங்கினால் ‘ஆல்டர்னேட் ஸ்ப்ரெட்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்தால் அதே ஆட்டத்துக்கு, அதே இரண்டு அணிகளுக்கு, இருபது முப்பது வரிகள் சரசரவென்று வந்து விழும். −2.5, −3.5, −10.5, +13.5 என்று புள்ளிகள் ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விலை இன்னொரு பக்கம்.

புதிதாக வருபவர் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்வார். ‘இது தோற்கவே தோற்காது’ என்று தோன்றும் வரியை எடுப்பார், இல்லாவிட்டால் பணம் அள்ளித் தரும் வரியை எடுப்பார். இரண்டு பேரும் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள், விலையைப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க விலையைப் பற்றியதுதான். விளையாட்டுப் பந்தயம் உங்கள் இடத்தில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, உங்களுக்கு அதற்கான வயதும் ஆகிவிட்டது என்ற நினைப்பில் எழுதுகிறேன்.

முதல் படி: ஸ்ப்ரெட் எப்படித் தீர்க்கப்படுகிறது

சின்னப் பையனோடு ஓட்டப்பந்தயம் விட்டால் அவனைப் பத்தடி முன்னால் நிற்கவைப்போம், இல்லையா? ஸ்ப்ரெட் அதேதான். பலமான அணியிடமிருந்து சில புள்ளிகளைக் கழித்துவிட்டு, அல்லது பலவீனமான அணிக்குச் சில புள்ளிகளைக் கூட்டிவிட்டு, பிறகு யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பது. சிகாகோவில் கணித ஆசிரியராக இருந்து புக்கியாக, அதாவது பந்தயம் வாங்குபவராக, மாறிய சார்லஸ் மெக்நீல் என்பவர்தான் 1940களில் இதைக் கொண்டுவந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பு, யார் ஜெயிப்பார் என்று ஊருக்கே தெரிந்த ஆட்டத்தில் பணம் கட்ட ஆளே வராது. புள்ளியை விட்டுக்கொடுத்ததும் இரண்டு பக்கமும் ஆள் வர ஆரம்பித்தது.

2017 பிப்ரவரியில் நடந்த 51ஆவது சூப்பர் பௌலை, அதாவது என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியை, எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் அது திரும்பத் திரும்ப வரும். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு −3, அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு +3. ஒரு கட்டத்தில் ஃபால்கன்ஸ் 28–3 என்று முன்னிலையில் இருந்தது. அப்புறம் பேட்ரியட்ஸ் துரத்திப் பிடித்து, கூடுதல் நேரத்தில் 34–28 என்று ஜெயித்தது. வித்தியாசம் 6 புள்ளி. 34இலிருந்து 3ஐக் கழித்தால் 31, அது 28ஐவிட அதிகம். ஆக −3 எடுத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது.

வித்தியாசம் சரியாக 3ஆக முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்குப் பெயர் ‘புஷ்’. யாருக்கும் வெற்றி இல்லை, கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும். −3.5 மாதிரி அரைப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தால் புஷ்ஷுக்கு வழியே இல்லை, ஏனென்றால் அரைப் புள்ளி வித்தியாசத்தில் எந்த ஆட்டமும் முடியாது. அந்த அரைப் புள்ளிக்கு ‘ஹுக்’, அதாவது கொக்கி, என்று பந்தயக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மாட்டியவர்களுக்குப் பெயரின் பொருத்தம் புரியும்.

இரண்டாம் படி: விலையை வெற்றி வாய்ப்பாக மாற்றுங்கள்

ஸ்ப்ரெட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் −110 என்று இருக்கும். 100 டாலர் லாபம் பார்க்க வேண்டுமென்றால் 110 டாலர் கட்ட வேண்டும் என்று பொருள். +150 என்றால் தலைகீழ், 100 கட்டினால் 150 லாபம்.

இந்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. நூற்றுக்கு எத்தனை தடவை ஜெயித்தால் கைக்கும் வாய்க்கும் சரியாகும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வழி எளிது. மைனஸ் விலை என்றால் அந்த எண்ணை, அதோடு 100 கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். 110ஐ 210ஆல் வகுத்தால் 52.4 சதவீதம். பிளஸ் விலை என்றால் 100ஐ, அந்த எண்ணோடு 100 கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். +150க்கு 100ஐ 250ஆல் வகுத்தால் 40 சதவீதம். இதே கணக்கில் −150க்கு 60, −200க்கு 66.7, −300க்கு 75, +200க்கு 33.3, +300க்கு 25. இந்த ஐந்தாறு எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் மற்றவற்றைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

இரண்டு பக்கமும் −110 என்றால் 52.4ஐயும் 52.4ஐயும் கூட்டிப் பாருங்கள். 104.8 வருகிறது. நடக்கக்கூடியவற்றின் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டவே முடியாது. அந்தக் கூடுதல் 4.8தான் நிறுவனம் உள்ளே வைத்திருக்கும் கமிஷன். இரண்டு பேர் எதிரெதிராக 110 கட்டினால் உள்ளே வந்தது 220, ஜெயித்தவருக்குப் போவது 210, மீதி 10 கடைக்காரருக்கு. புள்ளியை நகர்த்தும்போது இந்த 4.8 என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மூன்றாம் படி: பட்டியலை வாசிப்பது

ஒரு மாதிரிப் பட்டியலைப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை, ஆனால் நிஜப் பட்டியலும் ஏறக்குறைய இதே சாயலில்தான் இருக்கும். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில் பலமான அணிக்கு −6.5 என்பது பிரதான ஸ்ப்ரெட்.

−2.5 என்றால் விலை −210
−3.5 என்றால் −165
−4.5 என்றால் −145
−6.5 என்றால் −110
−7.5 என்றால் +110
−10.5 என்றால் +150
−13.5 என்றால் +220

மேலே போகப் போக அணி தாண்ட வேண்டிய வேலி தாழ்கிறது, விலை ஏறுகிறது. கீழே போகப் போக வேலி உயர்கிறது, கிடைக்கும் பணமும் பெருகுகிறது. எதிரணிக்கும் இதே போல ஒரு பட்டியல் இருக்கும், +2.5இலிருந்து +13.5 வரை, விலைகள் தலைகீழாக.

புதியவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் கூட்டல் கழித்தல் குறி. ஸ்ப்ரெட்டுக்கு ஒரு குறி, விலைக்கு ஒரு குறி, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ‘−10.5 +150’ என்று பார்த்ததும் எது எதற்கு என்று குழம்பிவிடும். அணியின் பெயரோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘இந்த அணி 11 அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும், ஜெயித்தால் 100க்கு 150.’ இந்த ஒரு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பந்தயத்தைக் கட்டாதீர்கள்.

இன்னொன்று, பட்டியல் பூஜ்யத்தைத் தாண்டியும் போகும். பலவீனமான அணிக்கே மைனஸ் ஸ்ப்ரெட் கிடைக்கும், கொழுத்த விலையில். 1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சூப்பர் பௌலில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு 18 புள்ளி பலம் என்று கணித்திருந்தார்கள். நியூயார்க் ஜெட்ஸ் 16–7 என்று ஜெயித்துவிட்டது. அன்றைக்கு இந்த மாதிரிப் பட்டியல் இருந்து, ஒருவர் ஜெட்ஸ் −7.5 எடுத்திருந்தால் அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த மாதிரி ஆட்டங்களை நாம் ஞாபகம் வைத்திருப்பதே அவை அபூர்வம் என்பதால்தான்.

இப்போது 2017 ஆட்டத்துக்குத் திரும்புவோம். அதன் வித்தியாசம் 6. பேட்ரியட்ஸ் −5.5 எடுத்திருந்தால் வெற்றி. −6 எடுத்திருந்தால் புஷ். −6.5 எடுத்திருந்தால் தோல்வி. ஒரே ஆட்டம், ஒரே கணிப்பு, ஒரு புள்ளிக்குள் மூன்று முடிவுகள். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதற்கு, 6 புள்ளி, வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு கூடுதல் புள்ளிக்கு உதைப்பார்கள். கூடுதல் நேரத்தில் அந்த டச்டவுனோடு ஆட்டமே முடிந்துவிட்டதால் உதைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 7ஆக வந்திருக்கக்கூடிய வித்தியாசம் 6இல் நின்றுபோனது.

நான்காம் படி: எல்லாப் புள்ளியும் ஒரே எடை அல்ல

அந்த மாதிரிப் பட்டியலை வாய்ப்புச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். −2.5க்கு 67.7, −3.5க்கு 62.3. ஒரே ஒரு புள்ளி நகர்ந்ததும் 5.4 குறைகிறது. −3.5இலிருந்து −4.5க்குப் போனால் 62.3இலிருந்து 59.2, வெறும் 3.1. இரண்டுமே ஒரு புள்ளிதான், ஆனால் எடை வேறு.

காரணம் ஆட்டத்தின் புள்ளி முறையிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி, டச்டவுனும் கூடுதல் உதையும் சேர்ந்தால் 7. நெருக்கமான ஆட்டங்கள் பெரும்பாலும் கடைசி ஃபீல்டு கோல் ஒன்றில் தீர்கின்றன. அதனால் என்எஃப்எல் ஆட்டங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகிறது. அடுத்த இடம் 7க்கு. 6, 10, 14 ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. இவற்றுக்குத்தான் ‘கீ நம்பர்’ என்று பெயர்.

இந்த எண்களும் கல்லில் எழுதியவை அல்ல. 2015இல் என்எஃப்எல் கூடுதல் புள்ளி உதையின் தூரத்தைக் கூட்டியது. முன்பு ஆட்டக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது இப்போது அவ்வப்போது தவறுகிறது, உதைக்குப் பதிலாக எடுக்கும் இரண்டு புள்ளி முயற்சிகளும் கூடியிருக்கின்றன. பழைய காலத்துப் புள்ளிவிவர அட்டவணையை வைத்துக்கொண்டு இன்றைய விலையை எடைபோட்டால் தப்பு வரும்.

அரைப் புள்ளி வாங்குவது லாபமா என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம். உங்கள் அணிக்கு −3 என்று இருக்கிறது, விலை −110. இது போன்ற 100 ஆட்டங்களில் 46இல் 4 அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கிறது, 9இல் சரியாக 3 வித்தியாசத்தில் ஜெயிக்கிறது, 45இல் கைவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். −3இல் 46 வெற்றி, 9 புஷ், 45 தோல்வி. 4,600 வருகிறது, 4,950 போகிறது, நிகரம் 350 டாலர் நஷ்டம். −2.5க்கு நகர்ந்தால் அந்த 9 புஷ்ஷும் வெற்றியாகிவிடும். 55 வெற்றி, 45 தோல்வி. விலை −120 என்றால் 5,500 வருகிறது, 5,400 போகிறது, 100 டாலர் லாபம். அதே −2.5க்கு −135 கேட்டால் போவது 6,075, நஷ்டம் 575. புஷ்ஷெல்லாம் வெற்றியாக மாறியும் முன்னைவிட மோசம்!

கடைக்காரருக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மற்ற இடங்களில் அரைப் புள்ளிக்கு வாங்குவதைவிட 3ஐத் தாண்டும் இடத்தில் அதிகம் வாங்குகிறார்கள். பந்தயக் கடையில் கொசுறு கிடையாது. ஆனால் கடைக்குக் கடை விலை மாறும். அதே −2.5 ஓரிடத்தில் −120, இன்னோரிடத்தில் −135 என்று இருப்பது சாதாரணம். ஒரே ஒரு செயலியை மட்டும் வைத்துக்கொண்டு மாற்று ஸ்ப்ரெட் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கூடைப்பந்தில் நிலைமை வேறு. கூடைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று விழுவதால் வித்தியாசங்கள் பரவிக் கிடக்கும், 3, 7 போன்ற பெரிய மேடுகள் கிடையாது. ஆகவே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அரைப் புள்ளிக்குக் கூடுதல் விலை கொடுப்பது அநேகமாக வீண். அங்கே கவனிக்க வேண்டியது கடைசி ஒரு நிமிடம். பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், எதிரணி ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டே போகும். 4 புள்ளியில் இருந்த ஆட்டம் 9இல் முடிவது அப்படித்தான்.

உலகம் கால்பந்து என்று சொல்லும் விளையாட்டில் ஒரு கோலே மலை மாதிரி. அங்கே கால்வாசி கோல் கணக்கில்கூட நகர்த்துவார்கள். −0.75 என்றால் கட்டிய பணத்தில் பாதி −0.5க்கும் பாதி −1க்கும் போகும். சரியாக ஒரு கோலில் ஜெயித்தால் முதல் பாதிக்கு வெற்றி, இரண்டாம் பாதி திரும்பி வரும். ஐஸ் ஹாக்கியிலும் பேஸ்பாலிலும் பிரதான ஸ்ப்ரெட்டே வழக்கமாக 1.5தான். ஐஸ் ஹாக்கியில் கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிடுவார்கள், காலி வலையில் ஒரு கோல் விழுந்து ஒன்று இரண்டாகிவிடும்.

புக்கிகள் அழுத ஞாயிற்றுக்கிழமை

புள்ளியை நகர்த்துவது கடைக்காரருக்கே எப்படி வினையாகும் என்பதற்கு 1979 ஜனவரி 21 ஒரு சாட்சி. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் டல்லஸ் கௌபாய்ஸும் மோதிய சூப்பர் பௌல். ஸ்டீலர்ஸ் −3.5 என்று ஆரம்பித்தது. எல்லோரும் ஸ்டீலர்ஸ் மேலேயே பணம் கட்டவும் லாஸ் வேகஸ் புக்கிகள் −4.5 வரை ஏற்றினார்கள். உடனே மறுபக்கம் கௌபாய்ஸ் +4.5இல் பணம் குவிந்தது. ஆட்டம் 35–31. வித்தியாசம் சரியாக 4. முதலில் ஸ்டீலர்ஸ் −3.5 எடுத்தவரும் ஜெயித்தார், பின்னால் கௌபாய்ஸ் +4.5 எடுத்தவரும் ஜெயித்தார், இடையில் 4 எடுத்தவருக்குப் பணம் திரும்பியது. இரண்டு பக்கமும் கொடுத்து முடித்த புக்கிகள் அந்த நாளுக்குக் கறுப்பு ஞாயிறு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதற்கு ‘மிடில்’ என்று பெயர். மாற்று ஸ்ப்ரெட் பட்டியலைப் பார்த்ததும் நாமே ஒரு மிடில் கட்டலாமே என்று தோன்றும். இரண்டு பக்கமும் −110இல் கிடைத்தால் இடைவெளியில் விழும்போது 200 டாலர் லாபம், விழாதபோது 10 டாலர் நஷ்டம். 21 தடவையில் ஒரு தடவை விழுந்தாலே சமன். கேட்க இனிக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் ஒரே பட்டியலிலிருந்து இரண்டு பக்கமும் எடுத்தால் இடைவெளிக்கான விலையை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள். ஆரம்பத்தில் ஒன்றை எடுத்து, விலை உண்மையிலேயே நகர்ந்த பிறகு மறுபக்கத்தை எடுத்தால்தான் பலன். அந்த நகர்வு எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை.

ஐந்தாம் படி: விலையைப் பார்க்கும் முன் உங்கள் எண்ணை எழுதுங்கள்

முதலில் விலையைப் பார்த்துவிட்டால் மனம் அதைச் சுற்றியே நியாயம் தேடும். +220ஐப் பார்த்த பிறகு ‘இந்த அணி 14 புள்ளியில் ஜெயிக்கக் காரணம் இருக்கிறதே’ என்று நம்ப ஆரம்பிப்போம். அதனால் வரிசையை மாற்றுங்கள். இந்த ஆட்டம் நூறு தடவை நடந்தால் உங்கள் அணி எத்தனை தடவை ஜெயிக்கும், எத்தனை தடவை 4 அல்லது அதற்கு மேல், எத்தனை தடவை 8 அல்லது அதற்கு மேல், எத்தனை தடவை 14 அல்லது அதற்கு மேல் என்று நான்கு எண்களை எழுதுங்கள். அப்புறம் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு விலையையும் சதவீதமாக மாற்றி, உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். உங்கள் எண் தெளிவாக மேலே இருக்கும் வரி ஏதாவது இருந்தால் அதுதான் உங்கள் பந்தயம். எதுவுமே இல்லையென்றால் பேசாமல் ஆட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் இதுதான் நடக்கும்.

உங்கள் எண்கள் நிதானமாக இருக்க ஒரு கடிவாளம் சொல்கிறேன். என்எஃப்எல் ஆட்ட முடிவுகள் ஸ்ப்ரெட்டிலிருந்து சராசரியாகப் பத்துப் புள்ளி அளவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகுகின்றன. ஆகவே ‘−6.5 அணி, +0.5க்கு நகர்த்தினால் நிச்சயம்’ என்பதெல்லாம் பேச்சு. ஏழு புள்ளி நகர்த்தினாலும் விலகலுக்கு நிறைய இடம் மிச்சமிருக்கிறது.

இரண்டாவது சோதனை கமிஷன். பிரதான ஸ்ப்ரெட்டில் அது 104.8 என்று பார்த்தோம். நம் பட்டியலில் −13.5க்கு +220, அதாவது 31.3. எதிர்ப்பக்கம் +13.5க்கு −300 போட்டிருந்தால் 75. கூட்டினால் 106.3. நடுவிலிருந்து விலக விலகக் கமிஷன் பெருகுவது வழக்கம். சில செயலிகளில் எதிர்ப்பக்கத்து விலையையே காட்டுவதில்லை, நீங்கள் கூட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானோ என்னவோ.

மூன்றாவது ஒரு சின்ன வசதி. என்பிஏவில் சமநிலை கிடையாது, ஜெயிக்கும்வரை கூடுதல் நேரம் போகும். அதனால் −0.5 ஸ்ப்ரெட்டும் வெறுமனே ‘ஜெயிப்பார்கள்’ என்று கட்டும் மணிலைனும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டுக்கும் வேறு விலை போட்டிருப்பதைப் பார்க்கலாம். மலிவானதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். என்எஃப்எல்லில் லீக் ஆட்டங்கள் எப்போதாவது சமநிலையில் முடியும் என்பதால் அங்கே இரண்டும் ஒன்றல்ல.

எப்போது நகர்த்தலாம்

ஆட்டத்தின் போக்கைப் பற்றி உங்களுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்தால் மாற்று ஸ்ப்ரெட்டுக்கு அர்த்தம் உண்டு. ‘யார் மேல்’ என்பதில் சந்தை சொல்வதோடு ஒத்துப்போய், ‘எப்படி முடியும்’ என்பதில் மட்டும் மாறுபடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அனுபவமில்லாதவர், பின்தங்கினால் பந்தை எறிந்தே தீர வேண்டும், எறிந்தால் பறிகொடுப்பார். இது ஒன்று நெருக்கமாக முடியும், இல்லையென்றால் சிதறிவிடும் வகை ஆட்டம். நடுவில் இருக்கும் −6.5ஐவிடத் தள்ளியிருக்கும் −13.5க்குத்தான் இந்தக் கருத்து பொருந்தும்.

எதிர்த்திசைக்கும் இது பொருந்தும். மொத்தப் புள்ளி 38க்குப் பக்கத்தில் எதிர்பார்க்கப்படும் ஆட்டமும் 55 எதிர்பார்க்கப்படும் ஆட்டமும் ஒன்றல்ல. புள்ளிகள் குறைவாக விழும் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் கனமானது, ஆகவே பலவீனமான அணிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியும் பெறுமதியானது. காற்றும் மழையும் பலமாக இருக்கும் என்று நீங்கள் சந்தைக்கு முன்பே கவனித்திருந்தால் +6.5ஐ +10.5 ஆக்குவதற்குக் காரணம் இருக்கிறது.

காரணமில்லாமல் வெறும் பயத்தில் நகர்த்துவதுதான் கையைக் கடிக்கும். தோற்றுவிடுமோ என்ற பயத்தில் −210 கொடுத்து −2.5 எடுப்பவர், மூன்றில் இரண்டுக்கும் மேலே ஜெயித்தாலொழிய நஷ்டத்தில்தான் இருப்பார். அடிக்கடி ஜெயிப்பதால் அது அவர் கண்ணுக்குத் தெரியாது.

பார்லே என்னும் சறுக்கு மரம்

மாற்று ஸ்ப்ரெட்டை அதிகம் பேர் எடுப்பது தனிப் பந்தயமாக அல்ல, பார்லேயில், அதாவது எல்லாமே ஜெயித்தால் மட்டும் பணம் தரும் கோவைப் பந்தயத்தில், கோப்பதற்கு. நான்கு ஆட்டங்களில் ‘பாதுகாப்பான’ −300 வரிகளைச் சேர்த்தால் 100 டாலருக்குச் சுமார் 316 டாலர் திரும்பும். நான்கும் ஜெயிக்கக்கூடியவைதானே?

ஒவ்வொன்றின் உண்மையான வாய்ப்பு விலை சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவு, 73 சதவீதம் என்று வைப்போம். தனித்தனியாகக் கட்டினால் 100 டாலருக்குச் சராசரியாக 2.67 டாலர்தான் நஷ்டம். நான்கையும் கோத்தால் எல்லாம் ஜெயிக்கும் வாய்ப்பு 28.4 சதவீதம். 316ஐ அதோடு பெருக்கினால் 90 டாலர் வருகிறது, நஷ்டம் 10 டாலருக்கும் மேல். கமிஷன் கூட்டு வட்டி மாதிரி ஏறிவிட்டது. நான்கில் மூன்று ஜெயித்து ஒன்று தோற்பதுதான் அதிகம் நடக்கும், அப்போது ‘மயிரிழையில் போச்சே’ என்று தோன்றும். மயிரிழையெல்லாம் இல்லை, அந்தக் கணக்கு இயல்பாக முடியும் இடமே அதுதான்.

ஒரே ஆட்டத்துக்குள் கோக்கும் பார்லேயில் நிலைமை இன்னும் மங்கல். ஓர் அணியின் −10.5ம், அந்த அணி ஆட்டக்காரரின் டச்டவுனும் ஒன்றை ஒன்று இழுப்பவை, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்படும். எவ்வளவு குறைத்தார்கள் என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது சிரமம்.

பொத்தானை அழுத்தும் முன்

விதிகளை ஒருமுறை வாசியுங்கள். இந்த வரி முழு ஆட்டத்துக்கா, முதல் பாதிக்கா? கூடுதல் நேரம் சேருமா? 2017 சூப்பர் பௌலில் வழக்கமான நேரம் 28–28இல் முடிந்தது. ‘வழக்கமான நேரம் மட்டும்’ என்ற வரியில் பேட்ரியட்ஸ் −0.5 எடுத்திருந்தால் தோல்விதான். பார்லேயில் ஒன்று புஷ் ஆனால் அது மட்டும் விலகுமா, மொத்தமும் ரத்தாகுமா? விலை மாறினால் தானாக ஏற்றுக்கொள்ளும் அமைப்பு செயலியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆட்டம் நடக்கும்போது காட்டும் மாற்று ஸ்ப்ரெட்டுகளில் கமிஷனும் தடித்திருக்கும், யோசிக்க நேரமும் இருக்காது. முதல் சில மாதங்களுக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.

எவ்வளவு கட்டுவது? தொலைந்தாலும் வாழ்க்கை மாறாத ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து, ஒரு பந்தயத்துக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு. +220 வரி பத்து தடவை தொடர்ந்து தோற்பது அபூர்வமே அல்ல. தோற்ற பணத்தைப் பிடிக்க அடுத்த பந்தயத்தை ஏற்றத் தோன்றினால் செயலியிலேயே வைப்புத் தொகை வரம்பும், தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ கணக்கை மூடும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். அவற்றைத் தேவைப்படும் முன்பே அமைத்துவிடுவது நல்லது.

கடைசியாக, ஒரு நோட்டு. தேதி, அணி, எடுத்த ஸ்ப்ரெட், விலை, உங்கள் சதவீதம், அன்றைய பிரதான ஸ்ப்ரெட், ஆட்டத்தின் இறுதி வித்தியாசம். இந்த ஏழு மட்டும் போதும். ஐம்பது வரிகள் சேர்ந்த பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, அதே ஆட்டங்களில் நகர்த்தாமல் பிரதான ஸ்ப்ரெட்டையே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டுக் கூட்டிப் பாருங்கள்.